180 வெள்ளி கொடுத்து வாங்கிய பௌதிகத் தாள்

எங்கள் வீட்டில் 180 வெள்ளி, அதாவது 180 மலேசிய ரிங்கிட், சின்னத் தொகை இல்லை. அப்பா சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மாவுக்கு டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காலை வேலை. அந்தப் பணத்தை நான் எப்படித் தொலைத்தேன் என்பது கிட்டத்தட்ட இரண்டு வருடம் வீட்டில் யாருக்கும் தெரியாது. போன தீபாவளிக்கு முதல் நாள்தான் அம்மாவிடம் வாயைத் திறந்தேன். விளக்குமாறு பறக்கும் என்று நினைத்தேன். "அப்பவே சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு முறுக்குப் பிழியப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. இந்த வருடம் எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு, எழுதப் போகிறவர்கள், அதிலும் வீட்டில் பௌதிகம் தெரிந்த ஆள் ஒருத்தர்கூட இல்லாத என்னைப் போன்ற பிள்ளைகள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு அப்போது இதையெல்லாம் சொல்ல ஆளில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தவள் நான். விசை, உராய்வு எல்லாம் தமிழில்தான் மண்டையில் இருந்தன. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே சங்கதிகள் டாயா, கெசெரான் என்று மலாய்ப் பெயரோடு வந்து நின்றன. நான்காம் படிவத்தில் பௌதிகம் தொடங்கியபோது லாஜு என்று ஒரு சொல், ஹலாஜு என்று ஒரு சொல். இரண்டும் ஒன்றுதான், ஒன்றில் எழுத்துப்பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று வெறும் வேகம், மற்றது திசையோடு சேர்ந்த வேகம் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர். சிக்கு, அதாவது எங்கள் ஆசிரியர், நல்லவர்தான், ஆனால் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் ஓடுவார். கை தூக்கிக் கேட்கலாம் என்றால் மலாயில் கேள்வி சரியாக வராது, வந்தாலும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற வெட்கம். அதனால் நாங்கள் ஐவரும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு குழு வைத்துக்கொண்டோம். ஒருத்தருக்கொருத்தர் உதவி என்று பெயர்.

அந்தக் குழுவில் நடந்ததை உதவி என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு யாராவது கேள்வியைப் படம் பிடித்துப் போட்டு "ஆன்சர் லா, நாளைக்கு அனுப்பணும்" என்பார்கள். யார் முதலில் போடுகிறார்களோ அதை மற்ற நான்கு பேரும் அப்படியே நோட்டில் ஏற்றுவோம். ஒரு நாள் மின்னியல் கேள்வி. மின்கலத்தின் மின்னியக்கு விசை 1.5 வோல்ட், அதன் உள்தடை 0.5 ஓம், வெளியே 2.5 ஓம் தடை, மின்னோட்டம் எவ்வளவு, முனைகளுக்கு இடையே வோல்ட் எவ்வளவு. எங்களில் நெட்டையன் என்று ஒருவன், அவன் 1.5ஐ 2.5ஆல் வகுத்து 0.6 என்று போட்டான். உள்தடையைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு தடையையும் கூட்டி 3 ஓம் என்று வைத்தால் மின்னோட்டம் 0.5 ஆம்பியர், அதில் 0.25 வோல்ட் மின்கலத்துக்குள்ளேயே போய்விடும், வெளியே கிடைப்பது 1.25தான். ஐந்து நோட்டிலும் 0.6. அதுகூடப் பரவாயில்லை. அவன் எடுத்த படத்தில் அவனுடைய கட்டைவிரல் "ஆம்பியர்" என்ற அலகை மறைத்திருந்தது, அதனால் மற்ற நான்கு பேர் நோட்டிலும் அலகே இல்லை. சிக்கு ஐந்து நோட்டையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பௌதிகத்தில் பிறர் போட்ட விடையைப் பார்த்ததும் "ஆமா, இதுதானே" என்று தோன்றும். அது புரிந்ததாக ஆகாது. அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் அதே கணக்கை எண்களை மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள், எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உங்கள் சந்தேகம் இருக்கிறது. நான் இதைச் செய்யவே இல்லை. ஒன்றரை வருடம் வீட்டுப்பாடத்தில் முழு மதிப்பெண், எஸ்பிஎம்முக்கு முன் நடக்கும் ட்ரயல் தேர்வில் 31.

அந்த 31தான் என்னை டெலிகிராம் பக்கம் தள்ளியது. அம்மாவிடம் சொல்லி அழுதேன், அவர் யார் யாரிடமோ கேட்டு டவுனில் ஒரு டியூசனில் பேசிவைத்தார், மாதம் 60 வெள்ளி, தேர்வு வரை மூன்று மாதத்துக்கு முன்பணமாக 180. பணத்தைக் கையில் கொடுத்து "நீயே போய்க் கட்டிடு" என்றார். அன்றைக்கு முதல் நாள் ராத்திரிதான் ஒரு டெலிகிராம் சேனலில் எஸ்பிஎம் பௌதிகத் தாள் "சோவாலான் போச்சோர்", அதாவது கசிந்த கேள்வித்தாள், கைவசம் இருக்கிறது என்று பார்த்திருந்தேன். மங்கலாக்கிய முகப்புப் பக்கம் ஒன்று, கீழே நன்றி சொல்லும் செய்திகளின் படங்கள். நம்ப முடியாத விஷயமாகவும் தோன்றவில்லை, ஏனென்றால் 2014இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் தாள்கள் கசிந்து அறிவியலும் ஆங்கிலமும் மறுபடி எழுத வேண்டியிருந்தது எங்கள் அக்கா அண்ணன்மார் எல்லாருக்கும் தெரிந்த கதை. நடந்த ஒன்றுதானே, இன்னொரு தடவை நடக்காதா என்ற எண்ணம்தான். செய்தி அனுப்பினேன். "அடிக்" என்று அன்பாகக் கூப்பிட்டுப் பேசினான் அல்லது பேசினாள், இன்றுவரை தெரியாது. முதல் தாளுக்கு 50 வெள்ளி, இன்னும் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது, சீக்கிரம். பிடிஎஃப்புக்கு ஏது ஸ்டாக் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

டவுனில் பேங்க் மெஷினில் 50 வெள்ளியைப் போட்டேன், ஒரு தனி ஆளின் கணக்கில். பத்து நிமிடத்தில் நாற்பது கேள்வி வந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் காலை அதே ஆள், இரண்டாம் தாளும் விடையும் 130, இன்றைக்குள் போட்டால்தான். மிச்சம் என்னிடம் சரியாக 130 இருந்தது. டியூசன் பக்கம் போகாமல் மறுபடி அதே மெஷின் முன்னால் போய் நின்றேன், நோட்டைச் செருகும்போது கை நடுங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் செருகினேன். சாயங்காலம் பிடிஎஃப் வந்தது. எல்லாப் பக்கத்திலும் தலைப்பை வெள்ளையடித்திருந்தார்கள், ஏழாம் பக்கத்தின் அடியில் மட்டும் மறந்துவிட்டார்கள் போல, பொடி எழுத்தில் "பெர்ச்சுபாஆன்", அதாவது ட்ரயல், என்று இருந்தது. அது ஏதோ ஒரு மாநிலத்தின் ட்ரயல் தாள். கெடாவில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு, எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லாமல், ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பிக் கேட்டேன். "இதுவா? விடையோட சும்மாவே கிடைக்குதே" என்று ஐந்து நிமிடத்தில் முழுத்தாளையும் அனுப்பிவைத்தார். விற்றவனுக்கு எழுதினேன், என்னை பிளாக் செய்துவிட்டிருந்தான்.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். டியூசனுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம் டவுன் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். புத்தகம் மடியில் இருக்கும், ஒரு வரி ஏறாது. தெரிந்த முகம் எதுவும் வரக் கூடாதே என்று தூணுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சாகப் பார்த்து உட்காருவேன். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அந்த பஸ் நிலையத்துக்குத்தான் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன. யாரிடமும் சொல்லவில்லை, புலனக் குழுவில்கூட. நான் காசு கொடுத்துத் தாள் வாங்கப் பார்த்தேன் என்று தெரிந்தால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்று வேறு பயம்.

அந்தப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம். எஸ்பிஎம் கேள்வித்தாள்கள் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் கீழ் வருபவை, அதனால் "கசிந்த தாள்" என்று எவனாவது கூவினால் அது பொய்யாக இருந்தாலும் வம்பு, உண்மையாக இருந்தால் அதைவிட வம்பு, பக்கத்தில் போகாதீர்கள். ஆனால் ஏமாந்துவிட்டீர்கள் என்றால் வாயை மூடிக்கொண்டு என்னைப் போல உட்கார்ந்திருக்காதீர்கள். பணம் போட்ட உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தால் அந்தப் பணத்தை மேலே போகவிடாமல் முடக்கப் பார்ப்பார்கள், நேரம் போகப் போக வாய்ப்பு குறையும், கூடவே போலீஸ் புகாரும் வேண்டும். பெரியவர் ஒருத்தரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அழையுங்கள். அதற்கும் முன்னால், பணம் போடுவதற்கு முன் அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கலாம், ஏற்கெனவே புகார் வந்த எண்ணா என்று காட்டும். நான் ஆறு மாதம் கழித்துத் தட்டிப் பார்த்தேன். புகார்கள் இருந்தன. எனக்கு முன்னால் எத்தனை பேரோ. அதோடு, புகார் எதுவும் இல்லை என்று காட்டினால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னைக் கண்டுபிடித்தது நெட்டையன். மூன்றாவதோ நான்காவதோ சனிக்கிழமை, தூணுக்குப் பின்னால் வந்து நின்று, "டியூசன்ல இருக்கணும்ல, இங்க என்னடி பண்றே?" என்றான். முழுக் கதையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. "50 வெள்ளி நானும் குடுத்தேன், வேற ஆள்கிட்ட, வேதியியலுக்கு" என்றான். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஐந்து பேரும் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் உட்கார ஆரம்பித்தோம், அங்கே பெரிய விசிறியும் வெளிச்சமும் உண்டு, பூசாரி ஏழு மணிக்கு விரட்டும்வரை இருக்கலாம். தேர்வு முடுக்கிவிட்டது, அந்த வருடம் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குக்கூடப் போகவில்லை, எழுத்துத் தேர்வு 2024 ஜனவரி கடைசியிலேயே தொடங்கிவிட்டது.

மண்டபத்தில் உட்கார்ந்து யாரும் திட்டம் போட்டு விதி எழுதவில்லை. நான் பழைய பழக்கத்தில் "இதுக்கு என்ன ஆன்சர்?" என்று கேட்டபோது நெட்டையன் கடுப்பாகி, "நீ எங்க நின்னேன்னு காட்டு, அப்புறம் பேசுறேன்" என்று தாளைத் திருப்பித் தள்ளினான். அதுவே வழக்கமாகிவிட்டது. கேள்வியைக் காட்டுகிறவர் தான் போட்டுப் பார்த்த பாதிக் கணக்கையும், அடித்த இடத்தோடு, காட்ட வேண்டும். உதவுகிறவர் அடுத்த ஒரு வரியை மட்டும் சொல்வார். சில நாள் சண்டையாகிவிடும், ஒருத்தி அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள், ஆனால் ஒரு மணி நேரத்தில் நாலு கணக்கு உருப்படியாகப் போட்டோம், முன்பு இரண்டு நிமிடத்தில் இருபது "போட்டதை" விட இது மேல். ஆளுக்கு ஒரு பாடம் எடுத்துச் சொல்வது என்றும் வைத்துக்கொண்டோம். என் தலையில் மின்காந்தம் விழுந்தது. சொல்லிக்கொடுப்பதற்காகப் படித்தபோதுதான் எனக்கு அதில் ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. இன்னொன்று, விடைத்திட்டத்தை ஒருவர் மட்டும் வைத்திருக்க வேண்டும், எல்லார் கையிலும் இருந்தால் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். ஐந்து பேருக்கும் ஒரே விடை வந்தால்கூட அதைத் திட்டத்தோடு ஒப்பிட வேண்டும், 0.6 ஞாபகம் இருக்கிறதல்லவா.

லிஃப்ட் கணக்கில் ஐந்து பேருமே மாட்டினோம். மேலே போகும் லிஃப்ட் நிற்பதற்காக வேகம் குறைகிறது, உள்ளே தராசில் நிற்பவரின் எடை கூடுமா குறையுமா? கூடும் என்றோம், மேலே போகிறதே. திட்டத்தில் குறையும் என்று இருந்தது. ஒரு மணி நேரம் வாதாடினோம், எங்கள் ஐந்து பேருக்குமே லிஃப்டில் ஏறிய அனுபவம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கடைசியில் நெட்டையன் தன் பாட்டியின் எடை பார்க்கும் தராசை, முள் சுழலுகிற பழைய வகை, பையில் போட்டுக்கொண்டு வந்தான், பஸ் ஏறி ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போனோம். லிஃப்டுக்குள் தராசை வைத்து நான் ஏறி நின்றேன், 52. கிளம்பியதும் முள் 57 பக்கம் துள்ளியது. நடுவில் சீராகப் போகும்போது மறுபடி 52. நிற்கப் போகும் சமயத்தில், இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, 47க்கு இறங்கியது. எல்லாரும் கத்திவிட்டோம். எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கணக்கே இல்லை, முடுக்கம் எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. மூன்றாவது தடவை ஏறும்போது வாசலில் இருந்த பாதுகாவலர், நம்ம ஆள்தான், "எடை பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க, தம்பி?" என்று கேட்டுவிட்டு எங்களை இறக்கிவிட்டார். பஸ் காசும் ஐஸ் காசும் சேர்த்து ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளி. 180ஐ நினைத்தால் வயிறு எரிந்தது.

தாளைப் பற்றியும் சில விஷயம், இதெல்லாம் எனக்குத் தாமதமாகத் தெரிந்தவை. 2021 எஸ்பிஎம்மிலிருந்து அமைப்பு மாறிவிட்டது, முதல் தாளில் இப்போது 40 கேள்வி, முன்பு 50. ஈர்ப்பும் குவாண்டம் பௌதிகமும் பழைய பாடத்திட்டத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் பழைய பயிற்சி நூலை வைத்துக்கொண்டு நான் நான்காம் படிவம் முழுக்க ஓட்டினேன், ஒரு பாடமே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தாள் 100 மதிப்பெண்ணுக்கு இரண்டரை மணி நேரம், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம், ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஐந்து வரி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கேள்வியின் முதல் சொல்லைப் பாருங்கள். ஞாத்தாக்கான் என்றால் குறிப்பிடு, ஒரு வரி போதும். தெராங்கான் என்றால் காரணம் சொல்ல வேண்டும், ஒரு வரி போதாது. ஹித்துங் என்றால் சூத்திரம், எண்களைப் பொருத்திய வரி, அலகோடு விடை, மூன்றையும் காட்டுங்கள், விடை தப்பானாலும் வழிக்கு மதிப்பெண் கிடைக்கும். மலாய்ச் சொல்லுக்கு அர்த்தம் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளுங்கள், தப்பே இல்லை, எழுதும்போது மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்.

பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று எங்கள் எல்லாருக்கும் பயம். ஏதாவது ஒரு கருவியை எப்படி மேம்படுத்துவது, எந்தப் பொருளில் செய்வது, ஏன் என்று கேட்பார்கள், அம்சம் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு ஒன்று. காரணம் எனக்கு வராது. ஒரு நாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், சேற்று நிலத்தில் ஓடும் வண்டிக்கு எப்படிப்பட்ட டயர். குலை ஏற்றும் தள்ளுவண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா திரும்பியே பார்க்காமல், "அகலமாத்தான் போடணும், ஒல்லி டயர்னா மழை நாள்ல புதைஞ்சிடும், பாரம் ஒரே இடத்துல உக்காந்துடும்ல" என்றார். அப்படியே எழுதலாம்: டயர் அகலம், பரப்பு கூடும், அழுத்தம் குறையும், புதையாது. நாலு வருடம் தமிழ்ப்பள்ளி தாண்டாத மனுஷன்.

முடிவு 2024 மே மாதக் கடைசியில் வந்தது. பௌதிகத்தில் எனக்கு பி பிளஸ். நெட்டையனுக்கு ஏ. அழுதுவிட்டுப் போன பிள்ளைக்கு ஏ மைனஸ், அதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை. தாளில் லிஃப்ட் வந்ததா என்று கேட்கிறார்கள், வரவில்லை. பாட்டியின் தராசுதான் பாவம், ஈப்போவுக்குப் போய் வந்ததிலிருந்து யாரும் ஏறாமலே இரண்டு கிலோ காட்டுகிறது. பூஜ்யப் பிழை என்று நெட்டையன் விளக்கிப் பார்த்தான். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை, தான் பெருத்துவிட்டதாகச் சொல்லி ராத்திரிச் சோற்றைக் குறைத்துவிட்டார்.